மாப்பிள்ளை கட்டச் சொன்ன சேர்வர்

சேசு மரி சூசை துணை

ஹல்துமுல்லை,
மழை விட்ட ஒரு திங்கட்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அஜந்தன் அவர்களுக்கு, மாமா றிச்சர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை மரியகொரட்டி சுகம், கோழிகளும் சுகம். நீங்கள் கட்டச் சொன்ன சேர்வர் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நிலைக்கு வந்திருக்கிறது. கொழும்பில் நீங்களும் எங்கள் மகள் ஷிரோமியும் கரண்ட் போகாமல், மலை இறங்காமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

போன வாரம் நீங்கள் ஃபோனுக்கு அனுப்பிய செய்தி கிடைத்தது. 'சேர்வர் எப்படி ஓடுது மாமா?' என்று கேட்டுப் பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் போட்டிருந்தீர்கள். பதிலுக்கு நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இங்கே நடந்ததெல்லாம் ஒரு விரலில் அடங்குகிற சங்கதி இல்லை. பேசலாமென்றால், நான் 'மாப்பிள்ளை' என்று வாயெடுக்கும்போதே உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு நடுவில் மீட்டிங் வராது என்பதால் பேனாவை எடுத்தேன்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் வந்திருந்தபோது, என் ஸ்டூடியோப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்குகளைக் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தீர்களே, அங்கேதான் எல்லாம் தொடங்கியது. இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், ஞானஸ்நானம், சடங்கு, இழவு எதுவும் என் கமராவுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அத்தனையும் அந்த டின்னில்தான். நீங்கள் சொன்னீர்கள்: "மாமா, இதுல ஒன்னு கீழ விழுந்தா ஒரு வருசத்துக் கல்யாணம் பூராவும் போச்சு. மாசாமாசம் காசு கட்டுற கிளவுட் எல்லாம் நமக்கெதுக்கு? பழைய கம்ப்யூட்டர் ஒன்னு, டிஸ்க்கு ரெண்டு, பென் டிரைவ் ஒன்னு. நாமளே சேர்வர் கட்டிறலாம். சும்மா அரை நாள் வேல." அந்த 'நாமளே' என்ற சொல்லுக்குள் நீங்களும் இருக்கிறீர்கள் என்று நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். மறுநாள் காலை ஹப்புத்தளையில் ரயில் ஏறிவிட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, "ஈஸி மாமா!" என்று கத்தியது இன்னும் என் காதில் கேட்கிறது.

சரி, படித்த பிள்ளை சொல்கிறது என்று பண்டாரவளைக்குப் போய், மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி குடும்பமே நடத்தியிருந்தது. உங்கள் அத்தை ஞாயிற்றுப் பூசை தவறாதவள், ஆனாலும் பல்லி சொன்னால் கேட்கிறவள். "இது தெற்கப் பாத்துச் சொல்லுதுங்க. காரியம் வெளங்காது" என்றாள். நான் கேட்கவில்லை. பல்லியைக் குடியெழுப்பி, தூசு தட்டி, டிஸ்குகளைப் பூட்டி, நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒருவழியாக உயிர் கொடுத்தேன். விசிறி சுற்றிய சத்தத்துக்கு, ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அடுத்த வீட்டுக்காரர் அவசரமாக வேலைக்குக் கிளம்பிப் போனார். மாதா சொரூபத்துக்குக் கீழேதான் மேசை காலியாக இருந்தது, அங்கே வைத்தேன். பச்சையும் நீலமுமாக விளக்கு மின்னியதால், வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் தடுக்கவில்லை, அதற்கும் ஜெபம் தேவைப்பட்டது. சேர்வர் முழுவதும் அந்தப் பென் டிரைவில்தான் உயிரை வைத்திருக்கிறது என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள், அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. பாடகர் குழுவுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்க வேண்டுமென்று அதைப் பிடுங்கிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் அதிலிருந்ததை அழித்துவிட்டு மாதா பாட்டுகளைப் போட்டார்கள். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். உங்கள் அரை நாள் இப்படித்தான் மாசி மாதம் வரை நீண்டது.

அடுத்தது ரெய்ட். இரண்டு டிஸ்கிலும் ஒரே படங்கள் இருக்கும்படி செய்வதற்கு ரெய்ட் என்று பெயர் வைத்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தோட்டத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று கொடுத்துக் குடிவைக்க வேண்டும். நீங்கள் ஃபோனில் "மாமா, நாளைக்கு மறக்காம ரெய்ட் போட்டுருங்க" என்றீர்கள். நானும் மறக்காமல் இருக்க அத்தையிடம் சொல்லிவைத்தேன். அத்தை தண்ணீர் பிடிக்கிற பீலியில் நின்று, "எங்க மாப்புள கொழும்புலருந்து ஃபோன் போட்டாருங்க. நாளைக்கு ரெய்டாம்" என்று ஊருக்கே சொல்லிவைத்தாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற எங்கள் லயத்தில், கடைசிக் காம்பராவில் தம்பையா என்ன காய்ச்சுகிறான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, நத்தாருக்கு நீங்களே ருசி பார்த்தீர்கள். அன்று பின்னேரமே அவன் கள்ளச் சாராயமான கசிப்பைப் பீப்பாயோடு சாக்கடைக் கானில் கவிழ்த்து ஊற்றிவிட்டான். மறுநாள் லயத்து நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறவாடிக்கொண்டு கிடந்தன. பொழுது சாய்ந்தும் பொலிஸ் வராததால் தம்பையா என் வாசலுக்கு வந்தான்.

"என்னாண்ணே, ரெய்டுன்னீங்க. ஒரு காக்கிச் சட்டையும் காணோமே?"

"அந்த ரெய்டு இல்ல தம்பையா. இது ரெண்டு டிஸ்க்கும் ஒன்னப் பாத்து ஒன்னு எழுதிக்கிறது."

"அது எழுதிக்கிறதுக்கு நான் ஏன்ணே என் சரக்க ஊத்தணும்?"

அந்தக் கேள்வியை உங்களுக்கே விடுகிறேன், மாப்பிள்ளை. நீங்கள் கம்பனியில் பெரியவர்களோடு கலந்து பேசி எழுதி அனுப்பினால் அவனிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

இனி யூ.பி.எஸ். கதைக்கு வருகிறேன். இங்கே ஃபேக்டரி மெஷின் ஓடத் தொடங்கினால் எங்கள் பல்பு மின்மினிப் பூச்சியாகிவிடும். கரண்ட் திடீரென்று போனால் டிஸ்க் கெட்டுவிடும், கொஞ்ச நேரம் தாங்குகிற பாட்டரிப் பெட்டியான யூ.பி.எஸ். கட்டாயம் என்றீர்கள். பழையது ஒன்று வாங்கிப் பூட்டினேன். கரண்ட் போனதும் அது பிள்ளை பெறுகிறவள் மாதிரி அலறும் என்று விற்றவன் சொல்லவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையைத் தாங்கி நிற்கிற கருங்கல் சுவரில் ஒரு வெடிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் மண்சரிவு பார்க்கிற ஒரு காரியாலயத்திலிருந்து ஆட்கள் வந்து கூட்டம் வைத்து, மண் அசைந்தால் சத்தம் போடுகிற கருவி பூட்டுவோம், சத்தம் கேட்டவுடன் மேட்டுக் கோயிலுக்கு ஓட வேண்டும் என்று பாடம் நடத்தி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கருவி இன்று வரை வரவில்லை. சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்ற பாடம் மட்டும் எல்லோர் மனதிலும் நின்றது.

விடாமல் மழை பெய்த ஒரு மத்தியானம் கரண்ட் போனது. யூ.பி.எஸ். அலறியது. முதலில் வெளியே பாய்ந்தவர் பெரியாயி. கொழுந்தெடுக்கிற பெரியாயியை உங்களுக்குத் தெரியும், மீரியபெத்தையில் மண் இறங்கியபோது தங்கச்சியையும் தங்கச்சியின் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். "மணியடிச்சிருச்சு! புள்ளைங்களத் தூக்கு! சட்டி பானையெல்லாம் கெடக்கட்டும், ஓடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் லயம் முழுவதும் வெளியே வந்தது. அந்த நேரத்தில் எது எதன் சத்தம் என்று யோசிக்க எனக்கும் புத்தி வரவில்லை. அத்தை மாதா சொரூபத்தைத் தூக்கினாள். நான் சேர்வரைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினேன். வயரோடு சேர்ந்து யூ.பி.எஸ்.ஸும் சாக்குக்குள் வந்துவிட்டது எனக்குத் தெரியாது. சேற்றில் வழுக்கி வழுக்கி எல்லோரும் மேடு ஏறுகிறோம், சத்தமும் கூடவே ஏறுகிறது. வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக வருகிறது. "என்னா மலைடா இது, வெரட்டிக்கிட்டே வருது!" என்று தம்பையா அழுதேவிட்டான். கோயிலுக்குள் போய் எல்லோரும் முழங்காலில் நின்று, சாமியார் ஜெபத்தைத் தொடங்கி, ஊரே மௌனமானபோதுதான், அந்த அலறல் என் முதுகிலிருந்து வருவது தெரிந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாதாவும் பார்த்தது போலிருந்தது.

அன்று எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுதினால் தபால்காரர் கடிதத்தை எடுக்க மாட்டார். ஏசாதவர் பெரியாயி ஒருவர்தான். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "விடுங்க. பொய்யா ஓடிப் பழகுனாத்தான் நெசமா ஓடக் காலு வரும்" என்றார்.

வெடிப்பைப் பற்றி எத்தனையோ மனுக் கொடுத்தும் எட்டிப் பார்க்காத அந்தக் காரியாலயம், என் யூ.பி.எஸ். அலறியதற்கு மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கியது. இறங்கிய அதிகாரி இளவயது, புதுச் சப்பாத்து. சேற்றுக்குப் பயந்து, குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றே சுவரைப் பார்த்தார்.

"இது பழைய வெடிப்பு. கூடுனதுக்கு ஆதாரம் இல்லயே" என்றார்.

பெரியாயி உள்ளே போய்த் தன் மகள் நிரஞ்சலாவின் கல்யாண அல்பத்தை எடுத்துவந்து காட்டினார். வெளிச்சம் நன்றாக விழும் என்பதால், இந்த லயத்துப் பொண்ணு மாப்பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தித்தான் நான் படமெடுப்பது வழக்கம். "பாருங்க தொர, அன்னைக்கு இம்புட்டுத்தான் இருந்துச்சு" என்று பெரியாயி காட்டிய இடத்தில் வெடிப்பே இல்லை. சுவர் பளிங்கு போலிருந்தது. தொழில் தெரிந்த எந்தப் படக்காரன் பொண்ணின் தலைக்கு மேல் வெடிப்பை விட்டுவைப்பான்? கம்ப்யூட்டரில் துடைத்துத்தான் பிரின்ட் போட்டிருந்தேன். அதிகாரி சிரித்தார். "முகத்தயே வெள்ளையாக்குற ஸ்டூடியோ, சுவர மாத்தாதா? இதெல்லாம் ஏத்துக்க மாட்டோம். கமரா எடுத்தபடியே, தேதியோட ஒரிஜினல் இருந்தாக் கொண்டாங்க" என்றார். சொல்லிவிட்டு உத்தரவு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். மலையை அப்புறப்படுத்தவா என்று கேட்காதீர்கள். பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கும் கருவியாகிய யூ.பி.எஸ்.ஸை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு. மலைக்கு ஆதாரம் வேண்டும், என் பெட்டிக்கு வேண்டாம்.

சட்டத்துக்குப் பயந்தவன் நான், கழற்றிவிட்டேன். அடுத்த தடவை கரண்ட் போய் வந்தபோது சேர்வரில் சிவப்பு விளக்கு எரிந்தது. உங்களைக் கூப்பிட்டேன். மீட்டிங்குக்கு நடுவில் இரகசியக் குரலில், "பயப்படாதீங்க மாமா, ஒரு டிஸ்க்குதான் போயிருக்கு. மத்ததுல எல்லாம் பத்திரமா இருக்கு. இடது பக்கத்து டிஸ்க்க மட்டும் கழட்டுங்க" என்றீர்கள். யாருக்கு இடது, மாப்பிள்ளை? பெட்டியை முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு இடதா, அதன் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிற கிழவனுக்கு இடதா? நான் என் இடதைக் கழற்றினேன். மூச்சு நின்றது போல் எல்லா விளக்கும் அணைந்தது. உயிரோடிருந்த டிஸ்க் என் கையில், செத்தது பெட்டிக்குள். டின்னிலிருந்த பழைய டிஸ்குகளை அதற்குள் நான் அழித்துவிட்டிருந்தேன், அதிகாரி கேட்ட ஒரிஜினல் எல்லாம் அந்தக் கையிலிருந்த ஒன்றில்தான். இது கீழே விழுந்தால் போவது கல்யாணப் படம் மட்டுமில்லை, இந்த லயத்துச் சனம் சொன்னது பொய்யில்லை என்பதும் சேர்ந்து போகும். அத்தை, பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். குடித்துவிட்டு, செத்ததைக் கழற்றி உயிருள்ளதைத் திரும்பப் பூட்டினேன். விளக்கு எரிந்தது. நீங்கள் பஸ்ஸில் கொடுத்துவிட்ட புது டிஸ்க் வந்து, பழையதைப் பார்த்துப் புதியது எழுதி முடிக்கும்வரை இருவரும் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாப் படமும் வந்துவிட்டதா என்று பார்க்க உட்கார்ந்தோம். நானாக இருந்தால் பெயர்களைத்தான் பார்த்திருப்பேன். அத்தை சேலைகளைப் பார்த்தாள். சேர்வர் படங்களைத் தேதிப்படி வரிசையாக அடுக்கி வைத்திருந்தது, அந்த ஒரு நன்மையை உங்களுக்கு நான் மறைக்க மாட்டேன். ஒவ்வொரு பொண்ணின் சேலைக்கும் விமரிசனம் சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தி, பொண்ணுக்குப் பின்னால் சுவரைக் காட்டி, "என்னாங்க, நிரஞ்சலா கல்யாணத்துல இது மயிரு மாதிரி இருக்கு. விஜயலெட்சுமி கல்யாணத்துல வெரலு போகும் போலிருக்கு. போன தையில எடுத்ததப் பாருங்க, கையே போகும்" என்றாள். பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளை மாறினார், பொண்ணு மாறினாள், மாலை மாறியது. பின்னால் வெடிப்பு மட்டும் அதே வெடிப்பு, கல்யாணத்துக்குக் கல்யாணம் வளர்ந்துகொண்டே வந்தது. இத்தனை வருடம் என் கையாலேயே துடைத்துத் துடைத்துப் பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அது வளர்வது என் கண்ணில் படவில்லை.

படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நான், அத்தை, பெரியாயி மூவரும் காரியாலயத்துக்குப் போனோம். அதிகாரி முதல் படத்தை அலட்சியமாகப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கடைசிப் படத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "இத ஏன் இவ்வளவு நாளாக் காட்டல?" என்று எங்களையே கோபித்தார்.

"கல்யாணத்துக்கு ஒங்களுக்குச் சொல்லலீங்களே, அதான்" என்றாள் உங்கள் அத்தை.

இந்த முறை குடை இல்லாமல் வந்தார். சுவருக்குக் கிட்டப் போய் அளந்தார், புதுச் சப்பாத்து சேற்றில் முழங்கால்வரை போனது. லயத்துச் சனம் எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அன்று முதல் இந்தச் சேர்வருக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டும். தம்பையாகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து, "இதயும் அதுக்குள்ள போட்டு வைங்கண்ணே" என்கிறார்கள். பெரியாயி நேற்றுக் கொண்டுவந்தது ஓரம் சேறு பட்டுக் கறுத்துப்போன ஒரே ஒரு படம், மண்ணுக்குள் போன தங்கச்சி தன் பிள்ளைகளோடு நிற்கிறார். "ரெண்டு டிஸ்க்குலயும் போடுங்க" என்று சொல்லி, போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அதை நான் துடைக்கவில்லை, வெள்ளையாக்கவும் இல்லை. வந்தபடியே போட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, அடுத்த விடுமுறைக்கு வரும்போது சேர்வரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்தித் தருவதாக ஷிரோமியிடம் சொன்னீர்களாமே, அந்தப் பேச்சே வேண்டாம். எத்தனை பேர் வந்து கேட்டாலும் இந்தப் பெட்டி இந்த மேசையை விட்டு அசையாது. நீங்கள் விரும்பினால் வந்து பார்க்கலாம், தொடக் கூடாது. இனிமேல் எந்த வேலைக்கும் அரை நாள் என்று கணக்குச் சொல்ல வேண்டாமென்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாதாவின் பரிந்துரையால் உங்கள் இருவருக்கும் நல்ல சுகமும், உங்கள் மீட்டிங்குகளுக்குச் சீக்கிர முடிவும் கிடைக்கட்டும். அத்தை அன்பைச் சொல்லச் சொன்னாள். தம்பையாவும் சொல்லச் சொன்னான், ஆனால் அவன் சொன்னது அன்பு இல்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மதிப்புக்குரியவனாக இருக்க ஆசைப்படும்
மாமா றிச்சர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது காரியாலயத்திலிருந்து ஆள் வந்தது. கடவுள் புண்ணியத்தில் உத்தரவு வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமைக்குள் லயத்தில் ஒருவரும் இருக்கக் கூடாதாம், பழைய விளையாட்டு மைதானத்தில் எங்களுக்குத் தகரக் கொட்டில் அடித்திருக்கிறார்களாம். பெரியாயி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுற்றி ஒரு மலையும் கிட்டத்தில் இல்லை, நிம்மதியாகப் படுக்கலாம் என்றார். அங்கே கரண்டும் இல்லை. எப்போது வருமென்று கேட்டதற்கு, அது வேறு காரியாலயம் என்றார்களாம். ஆகையால் மேலே நான் எழுதிய வீராப்பையெல்லாம் கோடு போட்டு அடித்ததாக வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையே வேன் பிடித்து வந்து சேர்வரை எடுத்துக்கொண்டு போங்கள். ஷிரோமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், அணைக்காதீர்கள். வரும்போது எங்களுக்கு மெழுகுதிரி ஒரு பெட்டி, பெரிய சைஸில் வாங்கி வாருங்கள்.